பனிப்பாறையைக் காட்டி முடிச்சூரை மறைக்காதீர்கள்

சுற்றுச்சூழல் ஆவணப்படங்களைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து எதிர்க்கேள்வியே இல்லாமல் நிலைபெற்றுவிட்டது. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. அது இல்லாததால்தான் ஏரிகள் அழிகின்றன, வெள்ளம் வருகிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய நல்ல படங்களைப் பள்ளியிலும் கல்லூரியிலும் குடியிருப்போர் சங்கத்திலும் போட்டுக் காட்டினால் மனம் மாறும், மனம் மாறினால் ஊர் மாறும் என்பது அந்தக் கருத்து. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை இந்த நம்பிக்கையில்தான் திரை கட்டப்படுகிறது. கிரீன்லாந்தில் பனிமலை இடிந்து கடலில் விழுகிறது. துருவக் கரடி எலும்பும் தோலுமாக நடக்கிறது. விளக்கு எரிந்ததும் மாணவர்கள் மரக்கன்று நட்டு உறுதிமொழி எடுக்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. தவறு மட்டுமல்ல, தென்சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்குத் தீங்கானதும்கூட. படம் எடுப்பவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பூமி சூடாவதும் அதற்கு நிலக்கரியும் பெட்ரோலியமும் காரணம் என்பதும் அறிவியல் ஐயமறச் சொன்ன உண்மைகள். என் குற்றச்சாட்டு வேறு. எங்கள் பகுதியில் குறை விழிப்புணர்வில் இல்லை. விழிப்புணர்வுப் படங்களோ பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டு, தரையில் கையெழுத்துப் போட்டவர்களைத் தப்பவிடுகின்றன.

முதலில் விழிப்புணர்வு பற்றிப் பேசுவோம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஐப்பசி பிறந்தாலே வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியை மேடை கட்டி உயர்த்துகிறார்கள். வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பத்திரங்களை மாடிக்கு ஏற்றுகிறார்கள். ராயப்பா நகரிலும் பி.டி.சி. குடியிருப்பிலும் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும், எந்தப் பாலத்தின் கண் அடைத்திருக்கிறது, ஆதனூர்ப் பக்கம் மழை பெய்தால் எத்தனை நேரத்தில் இங்கே வெள்ளம் வரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். 2015இல் மூழ்கினார்கள். 2021இல் மீண்டும் தெருவில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. இவர்களுக்கு இல்லாத விழிப்புணர்வை எந்தப் படம் தரப்போகிறது?

சிட்லபாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்று ஒன்றுகூடி, சொந்தக் கையால் ஏரியைத் தூர்வாரி, மனு மேல் மனு போட்டு, கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியாக ஏரிக்குள் இறங்குகிறது என்பதைப் படமெடுத்து அதிகாரிகளிடம் காட்டினார்கள். 2019இல் அரசு அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. அவர்களை எழுப்பியது உலகப் படம் அல்ல. தங்கள் ஏரியில் மிதந்த கழிவும், கிணற்றில் மாறிய தண்ணீரின் நிறமும்தான் எழுப்பின.

படித்தவர்களுக்கும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் விழிப்புணர்வு இருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்ற வாதமும் நிற்காது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். காற்றாலை மின்சாரத்தை ஆராயும் மத்திய நிறுவனமும், கடலை ஆராயும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அந்தச் சதுப்பின் மடியிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. பருவநிலை பற்றி இந்த நாட்டில் யாருக்காவது அறிவு உண்டென்றால் அது இத்தகைய நிறுவனங்களுக்குத்தான். அந்த அறிவு சதுப்பைக் காப்பாற்றவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் குப்பைமேடாகவும் சாலையாகவும் அடுக்குமாடியாகவும் சுருங்கியது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். இங்கே குறைந்தது அறிவல்ல. அனுமதி மறுக்கும் துணிவு.

அடுத்து, பழியை வானத்தின் மேல் ஏற்றும் வேலை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. அன்றிலிருந்து பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சுகளிலும் படங்களிலும் சென்னை வெள்ளம் ஒரு கட்டாயக் காட்சி ஆகிவிட்டது. உருகும் துருவத்துக்கும் எரியும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவில் சைதாப்பேட்டைப் பாலமும் மிதக்கும் கார்களும் சில விநாடிகள் வந்துபோகும். பார்ப்பவர் மனதில் பதிவது ஒன்றுதான்: பூமி சூடானது, மழை கொட்டியது, சென்னை மூழ்கியது.

அறிவியல் சொன்னது அதுவல்ல. நெதர்லாந்தின் கேர்ட் யான் வான் ஓல்டன்போர்க், டில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த மழையை ஆராய்ந்து 2016இல் அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் தாக்கத்தைக் கண்டறிய முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் இதுவரை வெப்பமாதலின் விளைவை ஓரளவு ஈடுகட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். இனிவரும் காலத்தில் பெருமழை அதிகரிக்காது என்று அவர்கள் சொல்லவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அதனால் மழை கனக்கத்தான் போகிறது. ஆனால் 2015ஐப் பருவநிலை மாற்றத்தின் சாட்சியாக நிறுத்துவது அறிவியலுக்கே செய்யும் துரோகம். பருவநிலை மாற்றமே பொய் என்பவர்கள் கையில் அது ஆயுதமாகிறது. அதைவிட மோசமாக, இங்கே வடிகாலைத் தூர்த்தவர்கள் கையில் கேடயமாகிறது.

அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது ஒரு போராட்டக் குழு அல்ல. இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்த விதத்தையும், வெள்ளச் சமவெளியில் கட்டடங்கள் எழுந்ததையும் விமர்சித்தது. இத்தனை விவரங்கள் அரசு ஆவணத்திலேயே அச்சாகிக் கிடக்கும்போது, எங்கள் வெள்ளத்தை விளக்க ஆர்க்டிக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

செம்பரம்பாக்கம் என்ற ஒற்றைப் பதிலும் எங்களுக்குப் போதாது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்பக்கம் இருக்கின்றன. ஏரியின் மதகைத் திறந்ததால் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின என்று சொல்லலாம். முடிச்சூர் மூழ்கியதற்கு அந்த மதகு காரணம் அல்ல. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அடையாற்றின் தலைப்பகுதியில் போக வழியின்றி ஊருக்குள் புகுந்தது. வரத்துக் கால்வாய்கள் எங்கே போயின? கலங்கல் வழிந்தால் தண்ணீர் போக வேண்டிய போக்குக் கால்வாயின் அகலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு மேடு கட்டியபோது அடியில் விட்ட கண்கள் போதுமா என்று கணக்குப் போட்டது யார்? ஆற்றங்கரை வயலை மனைப்பிரிவாக மாற்ற எந்த அலுவலகம் எந்த ஆண்டில் அனுமதி தந்தது? ஒரு முழுநீளப் படத்துக்குப் போதுமான கேள்விகள் இவை. சில விநாடி வான்வழிக் காட்சியில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

கிழக்குப் பக்கமும் இப்படித்தான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும், ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கும் தண்ணீர் போக வேண்டும். ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்த முன்னோரின் ஏற்பாடு அது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கத்துக்கு 200 அடிச் சாலை போட்டு ஏரியை இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதியில் குப்பை கொட்டினோம். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் கீழேயுள்ள ஊர் மூழ்கும் என்பதைக் கண்டுபிடிக்க விண்கலப் படம் தேவையில்லை. சாலை போடச் சொன்ன கோப்பு தேவை.

மூன்றாவதாக, இப்படங்கள் ஓயாமல் சொல்லும் ‘நாம் எல்லோரும் குற்றவாளிகள்’ என்ற பாட்டு. மனித குலம் பூமியை அழிக்கிறது, ஒவ்வொருவரும் தன் கார்பன் தடத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். தனிமனிதரின் கார்பன் தடம் என்ற எண்ணத்தை 2000களின் நடுவில் விளம்பரம் செய்து உலகெங்கும் பரப்பியது பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனம். பழியைப் பங்குபோட்டுக் கொடுத்தால் பெரும்பங்கு உள்ளவர் தப்பிக்கலாம். அந்தத் தந்திரத்தை நம் ஊர் மேடைகள் அப்படியே திருப்பிச் சொல்கின்றன.

‘நாம்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்? 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலும் கூவங்கரையிலும் இருந்த ஏழைக் குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் உள்ள அந்தக் குடியிருப்பு, சதுப்பு நிலத்தின் தென்விளிம்பில், தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் இருக்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்குள்ளேயே குடியேற்றினார்கள். மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பேருந்தில் போய்வரும் அந்தப் பெண்களும், ஆற்றங்கரையில் நிறுவனம் கட்ட அனுமதி வாங்கியவர்களும் ஒரே ‘நாம்’ ஆக முடியாது. இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் படம் அநீதியின் பக்கம் நிற்கிறது.

வெள்ளம் ஒருபக்கம் இருக்கட்டும், வறட்சியைப் பார்ப்போம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. ‘பிஃபோர் த ஃபிளட்’ என்ற பருவநிலைப் படத்தை 2016இல் கொண்டுவந்த நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ, கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு நிற்கும் சென்னைப் பெண்களின் படத்தைத் தன் இன்ஸ்டகிராமில் பகிர்ந்தார். மழை ஒன்றுதான் சென்னையைக் காப்பாற்ற முடியும் என்ற செய்தி வரியும் அதோடு உலகம் சுற்றியது. அவர் அக்கறையை மதிக்கிறேன். அந்த வரியை ஏற்க முடியாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழையைப் பார்த்த ஊர் இது. வந்த மழையைப் பிடித்துவைக்கும் ஏரிகளைத் தூர்த்துவிட்டு, வெள்ளம் வந்தால் மழையைத் திட்டுவதும் வறட்சி வந்தால் மழையை வேண்டுவதும் அறிவுடைமை ஆகாது. வெள்ளம், வறட்சி இரண்டுக்கும் இங்கே காரணம் ஒன்றே. அந்தக் காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உலகம் பார்த்தது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானவை மூன்று.

பருவநிலை மாற்றம் உலகப் பிரச்சினை, உள்ளூரை மட்டும் பார்த்தால் நிலக்கரியை எரிப்பவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது முதல் வாதம். கரியமில வாயு வானத்தில் கலக்கலாம். அது புறப்படும் புகைக்கூண்டுக்கு முகவரி உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்கும் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கும் உள்ள தொடர்பை டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ 2017இல் சில நிமிடங்களில் காட்டியது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பின்னாளைய வரைபடத்தில் இல்லாமல் போனதை, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஆர்வலர்கள் அதே 2017இல் வெளிக்கொண்டு வந்தார்கள். உலகக் குற்றத்தின் உள்ளூர்க் கையைப் பிடிப்பது எப்படி என்பதற்கு அதுவே வழிகாட்டி. உள்ளூரை விட்ட உலகப் பார்வை யாரையும் பிடிக்காது.

இரண்டாவது வாதம், அழகும் அச்சமும்தான் இளைஞர்களை உள்ளே இழுக்கின்றன என்பது. உண்மை. அல் கோரின் ‘அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ 2006இல் வந்தபோது உலகமே பேசியது. ஆஸ்கர் விருதும் வாங்கியது. டேவிட் அட்டன்பரோவின் குரலைக் கேட்டு உயிரியல் படிக்க வந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் வந்தவரை எங்கே அனுப்புகிறோம்? மரக்கன்று நடத்தான் அனுப்புகிறோம். சதுப்பும் ஏரியும் காடுகள் அல்ல. அங்கே மரம் நடுவது பல நேரங்களில் கெடுதலே செய்யும். துடிப்போடு வந்த பிள்ளைக்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் படிக்கவும், எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடத்தில் வாய்க்காலைத் தேடவும், தகவல் உரிமை மனு எழுதவும் கற்றுத்தராத திரையிடல் அந்தத் துடிப்பை வீணாக்குகிறது.

பெயர் சொல்லிப் படம் எடுத்தால் வழக்கு வரும், படம் முடங்கும் என்பது மூன்றாவது. வரும்தான். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017இல் வெளியானபின் அவர்மேல் வழக்குகள் பாய்ந்தன. அதற்குப் பின்னும் அவர் ஒக்கி புயலில் கரை திரும்பாத மீனவர்களுக்காக ‘ஒருத்தரும் வரல’ எடுத்தார். ஆர்.பி. அமுதன் தன் ‘கதிர்வீச்சுக் கதைகள்’ வரிசையில் மணவாளக்குறிச்சிக்கும் கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் போய் அங்குள்ளவர்களைப் பேசவைத்தார். புயலை மட்டும் படமெடுக்காமல், புயலுக்குப் பின் வராத அரசைப் படமெடுத்ததுதான் ‘ஒருத்தரும் வரல’ படத்தின் வலிமை. தமிழில் இப்படி ஒரு மரபு நம் கண்முன் இருக்கும்போது, அதைத் திரையிடாமல் பனிக்கரடிக்கு வரிசையில் நிற்பது நம் குறை. வழக்கு வருகிறது என்றால் படம் யாரையோ தொட்டிருக்கிறது என்று பொருள்.

ஆகவே தாம்பரத்துக்கு வேண்டிய படம் எது என்று தெளிவாகச் சொல்கிறேன். நமக்கு வேண்டியது சாட்சியம். ஆதனூர் ஏரிக் கரையில் தொடங்கித் திருநீர்மலை வரை அடையாற்றோடு நடந்து, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் ஆறு அன்று எவ்வளவு அகலம், இன்று எவ்வளவு என்று அளந்து காட்டும் படம் வேண்டும். ஏரிப் பாதுகாப்புக்கு 2007இல் சட்டம் போட்டும் ஆக்கிரமிப்பு ஏன் அகலவில்லை என்று அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து கேட்கும் படம் வேண்டும். பள்ளிக்கரணையில் ராம்சர் எல்லையை ஒட்டிக் கட்டட அனுமதி தரலாமா என்று 2025இல் பசுமைத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் கேள்வி கேட்டபோது வழக்கின் உயிர்நாடி எல்லைக்கோடு எங்கே என்பதாகத்தான் இருந்தது. எல்லைக்கோட்டில் கேமராவை வையுங்கள்.

எங்கே திரையிடுவது என்பதும் முக்கியம். வெள்ளத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. நிர்வாகத்துக்கு அதுவே சாக்கு. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்திலும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருக்கின்றன. இரண்டும் ஊராட்சிகள், பக்கத்திலேயே 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூடுகிறது. 2022 நவம்பர் 1இல் முதலமைச்சரே பம்மலில் நடந்த பகுதி சபையில் உட்கார்ந்தார். குளிரூட்டிய அரங்கில் போடும் திரையை அந்தச் சபைகளில் போடுங்கள். அங்கே படம் முடிந்ததும் தீர்மானம் போடலாம், தீர்மானத்துக்கு எண் விழும், எண் விழுந்தால் அதைக் காட்டி அதிகாரியிடம் பதில் கேட்கலாம்.

மழை இன்னும் கனக்கப்போகிறது என்று அறிவியல் எச்சரிக்கிறது. அதனால்தான் தூர்ந்த கால்வாய்க்கும் பிளந்த ஏரிக்கும் பொறுப்பானவர்களை இப்போதே கேட்க வேண்டும். நேற்றைவிடத் தவறுக்கு இடம் குறைந்துவிட்டது. பருவநிலை மாற்றம் அவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல, அவர்கள் மேலுள்ள குற்றத்தைக் கூட்டும் சான்று. இனி யாராவது சுற்றுச்சூழல் படம் காட்டுகிறோம் என்று அழைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தைப் பார்த்தபின் எந்த அலுவலகத்தில், எந்தக் கோப்பைப் பற்றி, யாரிடம் பதில் கேட்க முடியும்? அதற்கு விடை தராத படத்தை ரசிக்கலாம். ஊரைக் காப்பாற்றும் வேலையில் அதைச் சேர்க்க வேண்டாம்.